பழைய மேசை வாங்கினா கறையானும் கூடவே வருமா?

கேள்வி: 3 ஆகஸ்ட் 2024, காலை 9.40

கூலிம்ல (கெடா, மலேசியா) புது வீட்டுக்கு மாறப் போறோம். கையில பெருசா காசு இல்ல. பழைய மரச்சாமான் பார்க்கலாம்னு சொன்னா மாமியார், "கறையானையும் மூட்டைப்பூச்சியையும் காசு கொடுத்து வாங்கிட்டு வரப் போறியா"ன்னு கேக்குறாங்க. வீட்டுக்காரர் மாசத் தவணையில புதுசா எடுத்துடலாம்ங்கிறாரு. பழசு வாங்கிப் பழகினவங்க யாராவது சொல்லுங்க.

3 ஆகஸ்ட், மதியம் 1.15

உங்க மாமியார் சொன்னதுல பாதி சரி. மெத்தை, சோபா, பஞ்சு வச்சுத் தைச்ச எதுவா இருந்தாலும் ஓசியில கொடுத்தாலும் வேண்டாம். மூட்டைப்பூச்சி தையல் மடிப்புல ஒளிஞ்சிருக்கும், பகல்ல கண்ணுல மாட்டாது. வெறும் மரம்னா அது வேற கதை.

நான் சுங்கை சிப்புட். எங்க வீட்டுல சாமி மேடையைத் தவிர புதுசா வாங்கின மரச்சாமான் எதுவும் இல்ல. ஒரே ஒரு தடவை தவணையில துணி அலமாரி எடுத்தோம். மரத்தூளை அமுக்கி, மேல மரம் மாதிரி காகிதம் ஒட்டினது. மூணாவது மழைக்காலத்துல கீழ்ப்பலகை தேத்தண்ணியில முக்கின பிஸ்கட் மாதிரி ஊதிப்போச்சு. தவணை அப்பவும் நாலு மாசம் பாக்கி.

அதனால என் கட்சி இதுதான்: உண்மையான மரமா இருந்தா பழசே மேல். போன வாரம்கூட ஒரு தேக்கு மேசை 180 வெள்ளிக்கு (ரிங்கிட்) எடுத்தேன். லோரிக்கு 40. இன்னும் ஐந்தடியில (வீட்டு முன்னாடி நடை) நின்னுக்கிட்டு இருக்கு, மெருகு போடணும்.

4 ஆகஸ்ட், இரவு 10.20

எங்கே கிடைக்கும்னு கேட்டிருந்தீங்க. தாமான் (குடியிருப்பு) சந்துல ஒலிபெருக்கி வச்சுக்கிட்டு "சூராட் காபார் லாமா"ன்னு (பழைய பேப்பர்னு அர்த்தம்) கத்திட்டுப் போகுமே அந்த லோரி, அதை நிறுத்திப் பாருங்க. பழைய பேப்பரு, இரும்போட நாற்காலி, ஸ்டூல் எல்லாம் கிடக்கும். அப்புறம் தோட்டத்து வீட்டைக் காலி பண்ணிட்டு தாமானுக்கு மாறுறவங்க. அலமாரி புது வீட்டு வாசல்ல நுழையாதுன்னு கடைசி நாள்லதான் தெரியும். அன்னைக்குப் போய் நின்னா கேட்ட விலைக்குக் கிடைக்கும். (நீங்களும் முதல்ல உங்க வாசலை அளந்துக்குங்க. நான் ஒரு தடவை கட்டிலை ஜன்னல் வழியா ஏத்தினவ.)

பழைய சாமான் கடைக்குப் போனா ஒண்ணை ஞாபகம் வச்சுக்குங்க. எங்க ஊர்ல எந்தச் சாய்வு நாற்காலியைத் தொட்டாலும் அது "துரை பங்களா நாற்காலி"தான். வெள்ளைக்காரங்க யாராவது பார்க்க வந்தா கதை இன்னும் நீளும்: 1948 ஜூன் 16, இங்கே தோட்டத்துல மூணு துரைமாரைச் சுட்டது, மலாயாவுல அவசரகாலம் வந்தது, இந்த நாற்காலி அந்த வராந்தாவுல இருந்தது. சம்பவம் உண்மை. நாற்காலி உண்மையான்னு நாற்காலிக்குத்தான் தெரியும். அந்த ஊர்ப்பட்ட நாற்காலியும் ஒரே பங்களாவுல இருந்திருந்தா துரை நடக்கவே இடம் இருந்திருக்காது.

கதைக்குக் காசு கொடுக்காதீங்க. இழுப்பறையை வெளியே உருவி அடிப்பக்கமும் முதுகுப்பக்கமும் பாருங்க. முன்பக்கத்துக்கு எல்லாரும் பாலிஷ் போடுவாங்க, முதுகுக்கு யாரும் போட மாட்டாங்க.

10 ஆகஸ்ட், மாலை 6.05

திருத்தம். தேக்கு இல்ல.

அப்பா வந்திருந்தாரு. 31 வருஷம் ரப்பர் தோட்டத்துல பால் வெட்டினவரு. மேசையைச் சுத்தி ஒரு நடை நடந்தாரு, ஒண்ணும் சொல்லல. இழுப்பறையைக் கவுத்துப் போட்டு, சாவியால ஒரு ஓரத்துல சுரண்டினாரு. மேல இருந்த காப்பி நிறம் உரிஞ்சு உள்ளே வெளுப்பா, பாலாடை நிறத்துல மரம்.

"தேக்காம்மா இது? நம்ம பால் மரம்."

அப்புறம் சிரிக்க ஆரம்பிச்சவருதான். "31 வருஷம் வெட்டினேன். மழை நாள்ல ஒரு மங்கு பால்கூடக் கொடுடான்னா கொடுக்க மாட்டான். இப்ப எம் மவகிட்ட 180 வெள்ளி வாங்கியிருக்கான்." அம்மாவுக்கு, சித்தப்பாவுக்கு, பக்கத்து வீட்டு அபாங்குக்குன்னு எல்லாருக்கும் சொல்லியாச்சு.

விக்கிறவரு பொய் சொன்னாரா, அவருக்கே தெரியாதான்னு தெரியல. சாயம் நல்லா அடிச்சிருந்தா எந்த மரமும் தேக்குதான். வாங்குறதுக்கு முன்னாடி மறைவான ஒரு இடத்துல சுரண்டிப் பாருங்கன்னு உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு இப்பத்தான் தகுதி வந்திருக்கு.

11 ஆகஸ்ட், காலை 7.30

"ரப்பர் மரம்னா மட்டம், தூக்கிப் போடுங்க"ன்னு ஒருத்தர் எழுதியிருந்தாரு. மட்டம் இல்லீங்க.

25, 30 வருஷம் ஆனா பால் குறைஞ்சுடும், மரத்தைச் சாய்ச்சுட்டு மறுநடவு பண்ணுவாங்க. அப்பா காலத்துல அப்படிச் சாய்ச்ச மரமெல்லாம் விறகுதான். ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுற கூடத்துல எரிப்பாங்க, மிச்சத்தைக் காட்டுலயே கொளுத்துவாங்க. வெட்டின உடனே நீலம் பூத்துடும், வண்டு ஏறிடும், அதனால தச்சு வேலைக்கு ஆகாதுன்னு விட்டுட்டாங்க. பிறகு பலகை அறுத்த கையோட போரான் மருந்தை அழுத்தி ஏத்தி, சூளையில காய வைக்கிற முறை வந்துச்சு. 1980களுக்கு அப்புறம் மரச்சாமான் ஏற்றுமதியே இதை நம்பித்தான். மூவார்ல அதுக்குன்னே தொழிற்சாலை வரிசை வரிசையா இருக்கு. வெளிநாட்டுக்காரன் வீட்டுச் சாப்பாட்டு மேசை எத்தனையோ நம்ம ஆளுங்க வெட்டுன மரம்.

பக்கத்துல கோலா கங்சார் போறவங்க மாவட்ட அலுவலகத்துக்கிட்ட நிக்கிற பழைய ரப்பர் மரத்தைப் பாருங்க. 1877ல கொண்டு வந்து நட்ட கன்றுகள்ல மிஞ்சினது. அப்பாவை அங்கே கூட்டிட்டுப் போனப்ப பட்டையைத் தடவிப் பார்த்துட்டு, "வெட்டத் தெரியாதவன் வெட்டியிருக்கான்"னாரு. வேற கருத்து இல்ல.

மேசைக்கு வர்றேன். வெயிலையும் மழையையும் ரப்பர் மரம் தாங்காது. வீட்டுக்குள்ளே வச்சா தலைமுறைக்கு வரும். நான் வச்சிருக்கேன்.

25 ஆகஸ்ட், இரவு 9.50

நேத்து ஐந்தடியைக் கூட்டும்போது மேசைக்குக் கீழ மாவு.

கையில எடுத்துத் தேய்ச்சுப் பார்த்தேன், குழந்தைக்குப் போடுற பவுடர் மாதிரி வழுவழுன்னு இருந்துச்சு. மேசையைக் கவுத்தா ஒரு காலோட உள்பக்கத்துல குண்டூசித் தலை அளவுக்கு 14 ஓட்டை.

இந்த இழையோட தலைப்பைப் பார்த்தேன். மாமியாருக்கு என் வணக்கம்.

26 ஆகஸ்ட், காலை 6.40

ராத்திரி கோவத்துல எழுதினேன். இப்ப நிதானமா.

இது கறையான் இல்ல. நம்ம ஆளுங்க மரத்தை எது தின்னாலும் கறையான்ங்கிறோம், மூணும் வேற வேற. மண்ணுல கட்டுற பழுப்புக் குழாய் மாதிரி சுவத்தோரம் ஏறி வந்தா அது மண் கறையான். அது மேசையில ஒட்டிக்கிட்டு வர்றது இல்ல, உங்க வீட்டு அடியில இருந்துதான் வரும். அதுக்கு ஆள் கூப்பிட்டு மருந்தடிக்கணும். மரத்துக்குள்ளேயே குடியிருக்கிற இன்னொரு கறையான் உண்டு, அதோட எச்சம் கசகசா மாதிரி மணி மணியா உருளும். பூதக்கண்ணாடியில பார்த்தா ஆறு பட்டை தெரியும். மூணாவது என் வீட்டுக்கு வந்தது, வண்டு. இது மாவு தள்ளும். மரத்துல இருக்கிற மாவுச்சத்துதான் இதுக்குச் சாப்பாடு. ரப்பர் மரத்துல அது நிறைய.

ஓட்டை இருந்தாலே உள்ளே ஆள் இருக்குன்னு அர்த்தம் இல்ல. ஓட்டைங்கிறது வண்டு வெளியே போன வாசல். பத்து வருஷத்துக்கு முன்னாடி போயிருக்கலாம். பழைய ஓட்டை உள்ளே அழுக்கேறிக் கறுத்திருக்கும், புது ஓட்டையில மரம் வெளுப்பாத் தெரியும். அப்பா சொன்ன வழி: இருக்கிற 14 ஓட்டையையும் பென்சிலால வட்டம் போட்டு வச்சு, அடியில கறுப்பு அட்டை விரிச்சு விட்டோம். புதுசா மாவு விழுந்தா தெரிஞ்சுடும். இப்ப தினமும் காலையில காப்பியோட வந்து குனிஞ்சு எண்ணுறாரு. தோட்டத்துல காலையில ஆள் எண்ணுற மாதிரி பெரட்டு எடுக்கிறாராம்.

14 செப்டம்பர், மாலை 5.25

வைத்தியம். ஐந்து நாள் ஆச்சு, கையெல்லாம் வலி.

சாயம் இருக்கிற இடத்துல எந்த மருந்தும் உள்ளே இறங்காது. அதனால முதல்ல பழைய மெருகை எடுக்கணும். பஞ்சுல ஸ்பிரிட் தொட்டு ஓரமாத் தேய்ச்சுப் பாருங்க. பிசுபிசுன்னு கரைஞ்சு வந்தா அரக்கு பாலிஷ். அசையவே இல்லைன்னா தின்னர். அதுக்கும் அசையலைன்னா பாலியூரித்தேன், சேண்ட்பேப்பர்தான் கதி. எனக்குக் கடைசி வகை.

80ஆம் நம்பர் சேண்ட்பேப்பர்ல ஆரம்பிச்சு 120, 180, 240. மரத்தோட ரேகை போற பக்கம்தான் தேய்க்கணும். குறுக்கே தேய்ச்சா அப்பத் தெரியாது, சாயம் போட்ட பிறகு பூனை பிறாண்டினது மாதிரி நிக்கும். என் மேசையோட வலது மூலைக்கு இப்ப "பூனை மூலை"ன்னு பேரு.

அப்புறம் போராக்ஸும் போரிக் பவுடரும். கேரம் போர்டுக்குத் தூவுவோமே அதே போரிக்தான். சுடுதண்ணி ஒரு லிட்டருக்கு ரெண்டும் சேர்த்து 100 கிராம் வாக்குல கரைச்சு, கால்லயும் சட்டத்துலயும் அடிப்பக்கத்துலயும் பிரஷால ரெண்டு தடவை. சாப்பாடு படுற மேல்பலகையில பூசல. பிள்ளைங்க கிட்ட வராம பார்த்துக்கணும். நல்லாக் காய்ஞ்ச பிறகு மேல மெருகு போட்டு அடைக்கணும், இல்லைன்னா ஈரத்துணியில துடைச்சுத் துடைச்சே மருந்து போயிடும். மெருகு போட்டா மரத்துல இருக்கிற பொடிப் பொடித் துவாரமும் அடைபடும், வண்டு முட்டை வைக்க இடம் இருக்காது.

ஒண்ணு தெளிவாச் சொல்லிடுறேன். இது புதுசா ஏறாம தடுக்கும். ஏற்கனவே ஆழத்துல உட்கார்ந்திருக்கிற புழுவை உடனே கொல்லாது. அது வளர்ந்து வெளியே வர்ற வரைக்கும் பெரட்டு நடக்கும்.

2 அக்டோபர், இரவு 11.00

தீபாவளிக்கு வீடு வெள்ளையடிக்கிற வேலைக்கு நடுவுல நாலு நாற்காலி வாங்கிட்டேன். கேக்காதீங்க.

மூடுன காப்பிக்கடை ஒண்ணோட நாற்காலி. வளைச்ச மரத்துல முதுகு, பிரம்பு பின்னின ஆசனம். ஒண்ணு 35 வெள்ளி. மூணு கால் ஆடுச்சு. மூட்டுக்கு வெள்ளைப் பசை ஊத்தி கயித்தால இறுக்கிக் கட்டி ஒரு ராத்திரி வச்சேன், இப்ப பாறை மாதிரி நிக்குது. ஐந்து நிமிஷ வேலை. தச்சர்கிட்ட கொடுத்தா ஒண்ணுக்கு 60 கேக்குறாங்க, எதுக்குன்னு தெரியல.

1 நவம்பர், காலை 8.10

எதுக்குன்னு தெரிஞ்சுடுச்சு.

நேத்து தீபாவளி. பலகாரத் தட்டோட சித்தப்பா அந்த நாற்காலியில உட்கார்ந்தாரு. பாறை மாதிரி நின்ன கால் பாறை மாதிரியே தனியா நின்னுச்சு, மிச்சம் மூணும் சித்தப்பாவும் கீழ. அவருக்கு அடியில்ல. முறுக்குக்குத்தான் பலத்த அடி. "துரை பங்களா நாற்காலியா?"ன்னு கீழ கிடந்தபடியே கேட்டாரு, இந்த இழையைப் படிக்கிறாருன்னு அப்பத்தான் தெரிஞ்சுது.

3 நவம்பர், மதியம் 2.45

அக்டோபர் 2ல நான் எழுதினதை யாரும் செய்யாதீங்க. அழிக்கல, பாடமா இருக்கட்டும்.

பழைய தச்சர்கள் மூட்டுக்குப் போட்டது மாட்டுத்தோல், எலும்பைக் காய்ச்சின பசை. அதுமேல வெள்ளைப் பசை பிடிக்காது. மரத்துல ஊறினாத்தான் அது ஒட்டும், நான் அதை பழைய பசை மேல ஊத்தியிருக்கேன். சரியான முறை, மூட்டை முழுசாக் கழட்டணும். அந்தக் காலத்துப் பசை சுடுதண்ணிக்கு இளகும். துணியைச் சுடுதண்ணியில நனைச்சுச் சுத்தி, பத்து நிமிஷம் விட்டு, ரப்பர் சுத்தியலால தட்டினா தானா வெளிய வரும். வெறும் மரம் தெரியுற வரைக்கும் சுரண்டிட்டு, காய வச்சு, அப்புறம் புதுப் பசை. ஒரு நாற்காலிக்கு ஒரு முழு சனிக்கிழமை. 60 வெள்ளி நியாயமான கூலி, தச்சர்கள் மன்னிக்கவும்.

இதைச் செய்யும்போது ஆகஸ்ட்ல நான் சொன்ன "உண்மையான மரமா இருந்தா பழசே மேல்"ங்கிறதையும் யோசிச்சேன். அது அவ்வளவு சரியில்ல. என் அண்ணி வீட்டுல அமுக்கின தூள் பலகையில செஞ்ச புத்தக அலமாரி ஒண்ணு மாடியில காஞ்ச அறையில 12 வருஷமா அசையாம இருக்கு. எங்க வீட்டு அலமாரி ஊதினதுக்குக் காரணம் அதை நாங்க குளியலறைச் சுவரை ஒட்டி வச்சது. மறுபக்கம் நல்ல மரத்துலயே செஞ்சாலும், உடையாத பசையும் ஆணியும் அடிச்சு இறுக்கினதை ஒண்ணும் செய்ய முடியாது. கழட்டணும்னா உடைக்கத்தான் வேணும். இப்ப கடைக்குப் போனா மரம் என்னன்னு கேக்குறதுக்கு முன்னாடி எப்படிப் பிரியும்னுதான் பார்க்கிறேன். திருகு இருக்கா, முளைக்குச்சி இருக்கா, பலகையைத் தனியா எடுக்க முடியுமான்னு.

17 நவம்பர், இரவு 8.30

பிரம்பு பத்திக் கேட்டவருக்கு: தொய்வா இருக்கிற ஆசனம் கிழியலைன்னா மாத்த வேண்டாம். அடிப்பக்கத்துல சுடுதண்ணித் துணி போட்டு நல்லா ஊற விட்டு, நிழல்ல காய வைங்க. காயும்போது சுருங்கி இறுகிக்கும். மேல்பக்கம் மெருகு இருக்கும், தண்ணி இறங்காது. காயுற வரைக்கும் யாரும் உட்காரக் கூடாது, குறிப்பா சித்தப்பா.

இன்னொண்ணு, இது விளையாட்டு இல்ல. நாற்காலிக்கு ஆளிவிதை எண்ணெய் பூசிட்டு, துடைச்ச துணியைச் சுருட்டி பிளாஸ்டிக் வாளியில போட்டுட்டு சாயங்காலப் பூசைக்குப் போயிட்டேன். வந்து தொட்டா துணி சுடுது. அடுப்பு கிட்ட இல்ல, வெயில்லயும் இல்ல. அந்த எண்ணெய் காயும்போது தானே சூடு விடும், துணி குவிஞ்சிருந்தா சூடு வெளியேற வழியில்லாம தீயே பிடிச்சிடும். துணியை விரிச்சு வெளிக்கொடியில காயப்போடுங்க, இல்லைன்னா தண்ணியில முக்கி வைங்க. கடைசிவரைக்கும் பூசையில உட்கார்ந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சா ராத்திரி தூக்கம் வரல.

29 டிசம்பர், மாலை 4.00

அப்பாயி வச்சிருந்த மாதிரியே ஒரு கம்பிவலை அலமாரி. மலாய்க்காரங்க கெரோபோக்னு சொல்வாங்க. ஃபிரிட்ஜ் இல்லாத காலத்துல தோட்டத்து லயத்து வீட்டுல கறி மீனெல்லாம் இதுலதான். நாலு காலுக்கும் கீழ நாலு கிண்ணத்துல தண்ணி, எறும்பு ஏறாம. சுங்கை சிப்புட்லயே ஒரு வீட்டுல கோழி அடைக்க வச்சிருந்தாங்க. 50 வெள்ளி, கோழி சேர்த்தி இல்ல.

பச்சை எண்ணெய்ப் பெயிண்ட், அதுக்குக் கீழ நீலம், அதுக்கும் கீழ இன்னொரு பச்சை. உற்சாகத்துல ஒரு கதவை வராந்தாவுலயே வறட்டுத் தேய்ப்பாத் தேய்ச்சுட்டேன், பிள்ளைங்க பக்கத்துல விளையாடிட்டு இருக்கு. பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கும், அந்தத் தூசி பிள்ளைங்களுக்கு ஆகாதுன்னு இங்கேயே ஒரு அக்கா எழுதினதைப் பார்த்துட்டுக் கையை எடுத்தேன். தரையைக் கூட்டாம ஈரத்துணியால ரெண்டு தடவை துடைச்சோம். மத்தக் கதவைத் தொடல. சவுக்காரத் தண்ணியில கழுவி, உரியுற இடத்தை மட்டும் தண்ணி தெளிச்சு நனைச்சுத் தேய்ச்சு, மேல புதுப் பச்சை அடிச்சு மூடிட்டேன். சுரண்டின கதவும் சுரண்டாத கதவும் இப்ப ஒரே மாதிரிதான் இருக்கு. அப்ப எதுக்குடி சுரண்டினேன்னு அம்மா கேட்டாங்க.

காலுக்குக் கிண்ணத்துல தண்ணி வைக்கிறவங்க ரெண்டு நாளைக்கு ஒரு தடவை கொட்டி மாத்துங்க. ஏடிஸ் கொசுவுக்கு அவ்வளவு தண்ணியே தாராளம். சுகாதார இலாகா ஆளுங்க வந்து டார்ச் அடிச்சா அப்பாயி ஞாபகார்த்தம்னு சொன்னாலும் விடமாட்டாங்க.

மேசைக்கு ரெண்டு புது ஓட்டை. மொத்தம் 16. அப்பா பென்சிலால வட்டம் போட்டு பக்கத்துல தேதியும் எழுதியிருக்காரு.

12 பிப்ரவரி 2025, காலை 10.15

தைப்பூசம் முடிஞ்சு நேத்து ராத்திரிதான் ஈப்போவுல இருந்து வந்தோம். மேசை அடியில கறுப்பு அட்டை சுத்தமா இருக்கு, ஓட்டை 16தான். ஆறு வாரமா மாறல. அப்பாவுக்கு இதுல கொஞ்சம் ஏமாத்தம்னு நினைக்கிறேன், காலையில குனிய வேலை இல்ல. மழை நாள்ல இழுப்பறை இறுகுது, மெழுகுவத்தி தேய்ச்சா ஒரு வாரம் ஓடுது.

கூலிம் தங்கச்சி, ஒருவழியா பழைய கட்டில் வாங்கிட்டதா எழுதியிருக்கீங்க, சந்தோஷம். கால் பக்கத்துல "ஏதோ தூள்" விழுதுன்னு சொன்னீங்க. மாமியார்கிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க. கறுப்புக் காகிதம் விரிச்சு ஒரு ராத்திரி விட்டு, காலையில விரலால தேய்ச்சுப் பாருங்க. மாவா, கசகசாவா?